பல்லில்லாதவனுக்குப் பற்பசை

மார்ச் 13, வெள்ளி

மதியம் மழை. மருத்துவமனையிலிருந்து வீடு. மகன் பிறந்து ஐந்து நாள். பெயர் முப்பதாம் நாள்தான் வைப்போம். அதுவரை நான் கூப்பிடுவது 'பாஸ்'. தேவிகாவுக்குப் பிடிக்கவில்லை.

"தங்கம்னு கூப்பிடுங்க. என்ன பாஸ், இது என்ன ஒர்க்‌ஷாப்பா?"

ஐந்து நாள் பிடித்து வைத்திருந்தது ரத்தத்தில் ஒரு குறை இருப்பதால். ஜி-சிக்ஸ்-பி-டி என்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லையாம். சில பொருட்கள் பட்டால் மட்டும் இவன் ரத்தம் உடையும், மஞ்சள் காமாலை வரும். எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று கிளம்பும்போது வார்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மலாயில் சொன்னார். வாயில் மாஸ்க், பக்கத்தில் சாப்பாட்டு வண்டி போகிற சத்தம், லிப்ட் கதவு வேறு மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. டோர் சென்சார் போய்விட்டது. எங்கள் கம்பெனி லிப்ட் இல்லை. காதில் விழுந்ததைக் குறித்துக்கொண்டேன்.

1. காசாங் பாராங். ஒருவகைப் பெரிய அவரை. தேவிகா சாப்பிடக் கூடாது.
2. நாட்டு மருந்து எதுவும் கூடாது.
3. உபாட் கிகி. அதாவது பற்பசை.

மூன்றாவதுதான் வேடிக்கை. பல்லே முளைக்காதவனுக்கு யார் பற்பசை தேய்க்கப் போகிறார்கள்? தேவிகாவிடம் சொன்னேன். சிரித்தாள், தையல் இழுத்தது, பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஒரு தாளும் கொடுத்தார்கள். பில், மருந்துச் சீட்டு எல்லாவற்றோடும் சேர்த்து பைலில் போட்டாயிற்று.

டயபர் இரண்டு பை. வெந்நீர் பிளாஸ்க். பூண்டு.

மார்ச் 14, சனி

காலையில் நல்ல வெயில். விடுப்பு, ராயா நோன்புப் பெருநாள் விடுமுறை எல்லாம் சேர்த்து 24 வரை வீட்டில்.

அழுகிறான். எதற்கென்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொன்று செய்கிறோம், அவன் அதற்கும் அழுகிறான். பதினாறு வருடமாக லிப்ட் பழுது பார்க்கிறவன் நான். கோளாறு வந்தால் நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதுவோம்: நேரம், கோளாறு, காரணம், நடவடிக்கை. அதே நோட்டின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. இதிலேயே எழுதுகிறேன்.

குறியீடு: பா - பால். ஈ - ஈரம். கா - காற்று. தூ - தூக்கம். ம - மடி, தூக்கி வைத்தால் சரியாவது. தெ.இ. - தெரியவில்லை.

9.10 பா.
10.40 ஈ.
11.05 தெ.இ. பிறகு தானாக நின்றது.
12.30 பா.
12.55 கா. தோளில் போட்டுத் தட்டினேன். என் சட்டை போச்சு.
2.20 ம.

கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வீட்டுக்கே வந்து பார்த்தார். மூக்கு நுனியை விரலால் அழுத்தினார், நெற்றியை அழுத்தினார். மஞ்சள் இல்லை. வயதில் சிறியவர், நோன்பு வேறு, பதினொரு மாடி ஏறி வந்தது போல முகம். எங்கள் பிளாட் லிப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நான் பார்த்தேன்.

"பந்தாங் எல்லாம் தெரியும்தானே?" என்று மலாயில் கேட்டார். எதை எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைத்தான். தெரியும் என்றேன். நோட்டைப் பார்த்துவிட்டு, "பாகுஸ்" என்றார். பாராட்டு வாங்கி நாளாயிற்று.

மார்ச் 16, திங்கள்

இரண்டு நாள் எழுதியதில் கொஞ்சம் பிடிபடுகிறது.

பசி அழுகை எடுத்த எடுப்பில் வருவதில்லை. முதலில் தலையை இங்கும் அங்கும் திருப்புகிறான், முஷ்டியை வாயில் திணிக்கிறான், ங்கே ங்கே என்று முனகுகிறான். அப்போதே கொடுத்தால் அழுகையே கிடையாது. அழ ஆரம்பித்த பிறகு கொடுத்தால் கோபத்தில் குடிக்கவும் தெரியவில்லை. நாம் தாமதம், பழி அவன் மேல்.

ஈரத்துக்கு விட்டுவிட்டு அழுகிறான், முறையிடுகிற மாதிரி. காற்றுக்கு முழங்கால் வயிற்றோடு வருகிறது, முகம் சிவக்கிறது. தூக்கம் வந்தால் நம்மைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்க்கிறான். அந்த நேரத்தில் கொஞ்சினால் தொலைந்தோம். மடி கேட்கிற அழுகைதான் ஏமாற்று. தூக்கிய மூன்றாவது விநாடி ஒன்றும் நடக்காதது போல் இருக்கிறான்.

தேவிகாவிடம் விளக்கினேன்.

"இதெல்லாம் எனக்கு நேத்தே தெரியும்."

"சொல்லலையே."

"நீங்கதான் எழுதிக்கிட்டு இருந்தீங்க."

மார்ச் 17, செவ்வாய்

மாலை 6.30 முதல் 8.00 வரை ஒரே அழுகை. நேற்றும் இதே நேரம். பால் ஆயிற்று. ஈரம் இல்லை. காற்று இறங்கியது. தூக்கி நடந்தேன், ஹால், சமையலறை, ஹால். தெ.இ. என்று எழுதி அடிக்கோடு போட்டேன். காரணம் இல்லாத கோளாறு என்று ஒன்று கிடையாது என்பது என் கட்சி. தேவிகா அழுதாள். எனக்கும் வந்தது, பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு லிம் ஆன்டி கதவைத் தட்டினார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"பேபி ஓக்கேயா? என் மகனும் இப்படித்தான் லா. டெய்லி சாயங்காலம். த்ரீ மன்த்ஸ். இப்போ போன் பண்ணாகூட எடுக்க மாட்டான்."

மார்ச் 18, புதன்

மிஸ்ஸி வந்தார். எடை ஏறியிருக்கிறது, மஞ்சள் இல்லை. மாலை அழுகையைப் பற்றிக் கேட்டேன். நிறைய குழந்தைகள் இந்த வயதில் மாலையில் அப்படி அழும், சில வாரத்தில் குறையும், மெதுவாக ஆட்டுங்கள், விளக்கைக் குறையுங்கள், கோபம் வந்தால் குழந்தையைப் படுக்கையில் வைத்துவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள், குலுக்க மட்டும் கூடாது என்றார். ராயா முடிந்து 29-ஆம் தேதிதான் இனி வருவாராம்.

மாலை அழுகை 6.40 முதல் 7.50.

மார்ச் 19, வியாழன்

தேவிகாவின் அக்கா சுமதி கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினார். ராயா கூட்டம், சென்ட்ரல் ஸ்டேஷனில் நிற்க இடமில்லையாம். கையில் மீன் குழம்பு, தொட்டில் ஸ்பிரிங், ஒரு பிளாஸ்டிக் பை. பையில் நீலப் பருத்திச் சேலை.

"இந்தச் சேலையில என் ரெண்டு பொண்ணும் வளர்ந்திருக்கு. ரெண்டும் அழுததே இல்ல. கட்டிப் பாருங்க தம்பி."

பத்து வருடமாக அலமாரி அடியில் வைத்திருந்தாராம். உதறியபோது அந்துருண்டை ஒன்று தரையில் விழுந்து சோபாவுக்கு அடியில் ஓடியது. குனிந்து எடுத்துக் குப்பையில் போட்டேன். துவைக்கலாமா என்று தேவிகா கேட்டாள்.

"தொவச்சுத்தான்டி வச்சேன். வாசனை காத்துல போயிரும்."

பால்கனியில் ஒரு மணி நேரம் தொங்கியது. பிறகு மழை, எடுத்தாயிற்று. ஹால் கொக்கியில் ஸ்பிரிங் மாட்டி, சேலையைக் கட்டினேன். ஸ்பிரிங் தாங்கும் எடையை இரண்டு முறை சோதித்தேன், அரிசி மூட்டை வைத்து. படுக்க வைத்ததும் இரண்டு தும்மல். பிறகு ஆட்டத்தில் கண் சொருகினான்.

மாலை அழுகை 20 நிமிடம்தான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மார்ச் 20, வெள்ளி

அக்கா காலை ரயிலில் போய்விட்டார். பகல் முழுவதும் தொட்டில். மிச்சச் சேலைத் துணியால் போர்த்துகிறோம், மழைக் குளிர்.

அழுகை மொத்தம் நான்கு முறை. மாலையில் இல்லை.

பல்பு மாற்ற வேண்டும், சமையலறை. மீன் குழம்பு தீர்ந்தது.

மார்ச் 21, சனி

ராயா. கீழே பட்டாசு, வீட்டுக்கு வீடு பலகாரம். அவன் எதற்கும் அசையவில்லை. நல்ல தூக்கம். பால் பாதியில் விட்டுவிட்டுத் தூங்குகிறான். டயபர் தே-ஓ நிறம். பால் ஊற்றாத டீ மாதிரி. குறைவாகக் குடித்ததால் இருக்கும்.

அழுகை இரண்டு.

அக்காவுக்கு போன் செய்தேன்.

"சொன்னேன்ல. அது ராசியான சேலை தம்பி."

மார்ச் 22, ஞாயிறு

மேகமூட்டம். மதியம் ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரே தூக்கம். தேவிகாவும் தூங்கினாள். வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும். நானும் சோபாவில் கால் நீட்டினேன், பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக.

ஆறு மணிக்கு தேவிகா பால் கொடுக்க எழுப்பப் போனாள். "தூங்குற பிள்ளைய ஏன் எழுப்பற, விடு" என்றேன். விட்டாள். மனமில்லாமல்தான்.

குப்பை போடப் போனபோது லிம் ஆன்டி: "பேபி எங்கே? சத்தமே காணோம்?"

"இப்போ நல்ல பிள்ளை ஆன்டி."

அழுகை: இல்லை.
காரணம்: இல்லை.
நடவடிக்கை: தொட்டில். கோளாறு தீர்ந்தது.

வேலையில் செய்வது போலக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

மார்ச் 23, திங்கள்

மருத்துவமனை. இதை நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் இன்னும் மோசம்.

காலை ஏழரை. தேவிகா அவனைத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டு போனாள்.

"இங்க வாங்க. கண்ணப் பாருங்க. மஞ்சளா இல்ல?"

மஞ்சள்தான். மார்பு வரை மஞ்சள். ஹாலில் திரை போட்டு விளக்கைக் குறைத்து வைத்திருந்தோம், மிஸ்ஸி சொன்னபடி. அதனால் தெரியவில்லை. எழுப்பினோம், விழிக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். வாயை அழுவது போல் கோணினான். சத்தம் வரவில்லை. அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

கார் வந்தது. ராயா, ரோடு காலி. ஒன்பது நிமிடம்.

டாக்டர் சீனப் பெண், சிறியவர். ரத்தம் எடுத்தார்கள். குதிகாலில் குத்தினார்கள், அதற்கும் முனகல் மட்டும். எப்போதிலிருந்து சோர்வு என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். தமிழ் தெரியாது அவருக்கு, நானே படித்து மலாயில் சொன்னேன்: வெள்ளி நான்கு முறை அழுதான், சனி இரண்டு, ஞாயிறு இல்லை. டயபர் தே-ஓ நிறம். சொல்லச் சொல்லத்தான் எனக்கே காதில் விழுந்தது. நான் மார்க் போட்டு மகிழ்ந்ததெல்லாம் அவன் கீழே இறங்கிக்கொண்டிருந்த படிகள்.

டாக்டர் அவன் மேல் இருந்த துணியை எடுத்து முகர்ந்தார். வீட்டில் உபாட் கெகாட் பயன்படுத்துகிறீர்களா என்றார்.

உபாட் கிகியா, இல்லை என்றேன்.

"கெகாட். கெகாட்." கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து உருண்டை காட்டினார். வெள்ளை. அலமாரி. துணி.

அந்துருண்டை.

எங்கள் வீட்டில் அது அந்துருண்டை. கடையில் கேட்டால் 'அந்த வெள்ளை உருண்டை, பாஸ்'. நாற்பது வயதாகிறது, மலாய்ப் பள்ளியில் படித்தவன், அதன் மலாய்ப் பெயரை ஒரு நாளும் வாயில் சொன்னதில்லை. அந்த வாசனை பட்டாலே இவன் ரத்தம் உடையும். நான்கு நாள் அதற்குள்ளேயே வைத்துத் தாலாட்டியிருக்கிறோம்.

மஞ்சளை இறக்க நீல விளக்கு போட்டிருக்கிறார்கள், மேலும் கீழும். கண்ணில் கட்டு. ரத்தத்தில் மஞ்சளின் அளவு ஒரு எண்ணாக வருகிறது, மாலை அந்த எண் இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டேன். நேற்று போட்ட அதே கையெழுத்து.

ஆறு மணி: எண் ஏறவில்லை. இறங்கவும் இல்லை. காத்திருக்கலாம் என்கிறார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

எண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ரத்தம் மாற்றுவது இப்போதைக்கு வேண்டாம். தேவிகா பாலைப் பீய்ச்சிக் கொடுக்கிறாள், குழாய் வழியாகப் போகிறது.

வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வந்தேன். தொட்டிலைக் கழற்றினேன். சேலையை இரண்டு பைக்குள் போட்டுக் கட்டிக் கீழே வைத்தேன். பைலைத் திறந்தேன். அந்தத் தாள் அங்கேயே இருந்தது. பில்லுக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவில். படமே போட்டிருக்கிறார்கள். வெள்ளை உருண்டைகள், மேலே சிவப்புக் குறுக்குக் கோடு. படிக்கத் தெரியாதவனுக்குக்கூடப் புரியும்.

மதியம் அக்கா வந்தார். விஷயம் தேவிகா போனில் சொல்லியிருக்கிறாள். நடைபாதையில் என்னைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து அழுதார்.

"என் கையால கொண்டாந்து கொடுத்தேனே தம்பி. ராசி ராசின்னு."

அழாதீங்கக்கா என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது பைக்குள் நோட்டில் இருந்தது. பை என் தோளில் இருந்தது. அவர் அழ, நான் நின்றேன். இவ்வளவு மட்டமானவனா நான்? ஆம், இன்று மதியம் அப்படித்தான்.

ரொட்டி. பல் துலக்க எதுவும் எடுத்து வர மறந்துவிட்டேன். கீழ்க்கடையில் பற்பசை வாங்கினேன். பெட்டியில் உபாட் கிகி என்று பெரிய எழுத்து. சிரிப்பு வரவில்லை.

மார்ச் 25, புதன்

காலையில் மழை. எண் நன்றாக இறங்கியது. டாக்டர் முகத்திலேயே தெரிந்தது. மூளைக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை, காது சோதனை மட்டும் பிறகு செய்வார்கள், தொடர்ந்து வந்து காட்டுங்கள் என்றார்.

கேன்டீனில் தேவிகாவும் அக்காவும். அக்கா இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், தோசையைத் தொடவில்லை. நோட்டைத் திறந்து, 13-ஆம் தேதிப் பக்கத்தை மேசையில் வைத்தேன்.

"அக்கா, உங்க மேல தப்பு இல்ல. மிஸ்ஸி அந்துருண்டைன்னுதான் சொன்னாங்க. நான்தான் பற்பசைன்னு கேட்டேன். தாளும் கொடுத்தாங்க. நான் படிக்கல. அந்த உருண்டைய என் கையாலதான் எடுத்துப் போட்டேன்."

அக்கா படித்தார். தேவிகா பக்கம் தள்ளினார். தேவிகா வாய்விட்டுப் படித்தாள், "பல்லே முளைக்காதவனுக்கு." ஒரு சிரிப்பு சிரித்தாள், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. உடனே முகம் மாறியது. நோட்டை மூடி என் பக்கம் வைத்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டாள்.

அக்கா தோசையைப் பிட்டார்.

"நேத்தே சொல்லியிருக்கலாம் தம்பி."

"ஆமாக்கா."

"ஒரு ராத்திரி பூரா நான் சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

மாலை வரை தேவிகா வார்டிலிருந்து வெளியே வரவில்லை. ஐந்தரைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நானும் அன்னைக்கி சிரிச்சேன்ல."

அவ்வளவுதான். கோபம் போய்விட்டதென்று எழுத மாட்டேன்.

மார்ச் 26, வியாழன்

காலை 10.15. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கத்தினான். வார்டு முழுக்கக் கேட்கிற கத்தல், முகம் சிவந்து, இரண்டு காலையும் உதைத்து. மிஸ்ஸி "சோரி சாயாங், சோரி" என்று அவனைச் சமாதானம் செய்தார். நானும் தேவிகாவும் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதோம். பார்த்தவர்கள் வேறு ஏதோ நினைத்திருப்பார்கள்.

10.15. வலி. புதுக் குறியீடு: வ.

மார்ச் 29, ஞாயிறு

நேற்று வீடு. வீட்டில் இருந்த அந்துருண்டை எல்லாம் தேடி எடுத்துப் போட்டேன், என் கோட்டுப் பையில்கூட ஒன்று இருந்தது. துணிகள் எல்லாம் இரண்டு முறை துவைத்தாயிற்று. அக்கா தன் வீட்டு அலமாரியையும் காலி செய்துவிட்டாராம். படம் போட்ட தாள் இப்போது குளிர்பெட்டிக் கதவில்.

மிஸ்ஸி வந்தார். மஞ்சள் இல்லை. பந்தாங் தெரியுமா என்று இந்த முறை கேட்கவில்லை. நானே ஒவ்வொன்றாகச் சொன்னேன். கெகாட் என்று இரண்டு முறை சொன்னேன்.

பெயருக்கு 'ச' எழுத்து வந்திருக்கிறது. ஆளுக்கொரு பட்டியல்.

மார்ச் 30, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். செலாயாங்கில் ஒரு பழைய லிப்ட், நாள் முழுக்க. ஆறு மணிக்கு வீடு. மழை வரும்போல இருக்கிறது.

6.35. அழுகை. பால் ஆயிற்று. ஈரம் இல்லை. காற்று இரண்டு முறை இறங்கியது. கண் வெள்ளை, நெற்றி அழுத்திப் பார்த்தேன், சரி. டயபர் நிறம் சரி. தூக்கி நடந்தேன், ஹால், சமையலறை, ஹால். தெ.இ.

7.00. இன்னும். தேவிகா வாங்கிக்கொண்டாள். "அழட்டும் விடுங்க, நீங்க போய் குளிங்க" என்கிறாள்.

7.10. இன்னும். சுவருக்கு அந்தப் பக்கம் லிம் ஆன்டி டிவி சத்தத்தைக் கூட்டியிருக்கிறார். குளித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். தேவிகா படுக்க வைத்துவிட்டு இப்போதுதான் குளிக்கப் போனாள். அறைக்குள்ளிருந்து நல்ல கணீர்க் குரல். காரணம் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாகவே விடுகிறேன்.

7.22. நிறுத்திவிட்டான். போய்ப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.